மே மாதத்தில் யாரிடம் கேட்பது?

ப்ளஸ் டூ தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வந்துவிடுகிறது. மதிப்பெண் தெரிந்த அன்று மாலையே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கும்: என்ன படிப்பது, எங்கே சேருவது, எவ்வளவு ஆகும்? நகரத்துப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல அப்பா இருப்பார், சித்தப்பா இருப்பார், எதிர் வீட்டில் போன வருஷம் கல்லூரியில் சேர்ந்த அக்கா இருப்பாள். அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா கட்டட வேலைக்கும் போகிற ஒரு கிராமத்து வீட்டில், அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக ப்ளஸ் டூவைத் தாண்டிய பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

கேட்காமலே சொல்ல வருகிறவர்கள் உண்டு. ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் தனியார் கல்லூரி ஏஜென்ட் ஒருவர். நூற்பாலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் இன்னொருவர். மேற்கு மாவட்டத்து ஆலைகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை ஒப்பந்தத்தில் அழைத்துப் போன 'சுமங்கலித் திட்டம்' பரவியது இப்படி வாசலுக்கு வந்த தரகர்கள் மூலமாகத்தான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்றார்கள். வேறு வழி இருக்கிறது என்று சொல்ல அந்த வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. திறன் பயிற்சிக்கும் உயர்கல்வி வழிகாட்டுதலுக்கும் 2022 மார்ச்சிலிருந்து 'நான் முதல்வன்' இருக்கிறது.

ஆனால் இவை ஒவ்வொன்றையும் அடைய ஒரு சான்றிதழ், ஒரு இணையதளம், ஒரு கடைசித் தேதி என்று சின்னச் சின்னப் படிகளைத் தாண்ட வேண்டும். வருமானச் சான்றுக்கு என்றைக்கு விண்ணப்பித்தால் கலந்தாய்வுக்கு முன் கைக்கு வரும்? பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது? நல்ல மதிப்பெண் இருந்தும் பட்டியலைக் குறுகலாகப் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இதற்கெல்லாம் இரண்டு வருஷம் முன்பே, பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில், தோழி எடுத்த பிரிவையே தானும் எடுத்து, கணிதம் தேவைப்படும் படிப்புகளைத் தெரியாமலே கைவிட்ட பிள்ளைகளும் உண்டு. பள்ளி ஆசிரியர்கள் முடிந்தவரை சொல்கிறார்கள். ஒரு முதுகலை ஆசிரியர் நூறு பிள்ளைகளின் பின்னால் ஈ-சேவை மையத்துக்கு அலைய முடியாது.

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குறைவது திறமை என்று சொல்வார் யாருமில்லை. வழி தெரிந்த, வயதில் கொஞ்சம் மூத்த, கூடவே இருக்கிற ஒரு ஆள்தான் குறைவு. அந்த ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைப் பார்க்கலாம்.

தங்கராசு நடராஜனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமான முதல் வீரர் அவர். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரக் கோழிக்கறிக் கடை நடத்தியவர் என்பதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கட்டுரைகளில் இரண்டு வரியில் கடந்து போகிற பெயர் ஜெயப்பிரகாஷ். ஊரில் டென்னிஸ் பந்து ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தில் மூத்தவர். நடராஜனின் இடக்கைப் பந்துவீச்சில் எதையோ பார்த்து, அவரைச் சென்னைக்குக் கூட்டிப் போனவர்.

சென்னைக்குக் கூட்டிப் போனார் என்று எழுதுவது எளிது. அதன் பொருள் பெரியது. சென்னை லீக் கிரிக்கெட் பல டிவிஷன்களாக அடுக்கப்பட்டது. கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் இடம் பிடித்து, விக்கெட் எடுத்து, மேல் டிவிஷனுக்கு ஏறினால்தான் மாநிலத் தேர்வாளர்களின் கண்ணில் படலாம். கிராமத்துச் சந்தைத் திடலில் எத்தனை யார்க்கர் போட்டாலும் இந்தப் படிக்கட்டு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. நடராஜன் இருபது வயது வரை தோல் பந்தையே முறையாகக் கையில் எடுத்ததில்லை. நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணியில் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்கு ஆடினார்.

அங்கேதான் விழுந்தார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது. ஒரு கிராமத்து இளைஞர் ஊருக்குத் திரும்பி, பழைய வேலைக்கே போய்விடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அவர் திரும்பவில்லை. முன்னாள் வீரர்களான சுனில் சுப்பிரமணியன், வெங்கட்ரமணா, வாசு ஆகியோர் அவரோடு உட்கார்ந்து அந்த முறையை மாற்றி அமைத்தார்கள். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

பிறகு நடந்ததுதான் ஊருக்குச் சொத்து. அந்தப் பணத்தில் நடராஜனும் ஜெயப்பிரகாஷும் சின்னப்பம்பட்டியில் பயிற்சிக் களம் அமைத்தார்கள். அங்கே பழகிய பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் ஐந்து விக்கெட் எடுத்து, சேப்பாக் அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். அடுத்து ஊரிலேயே சொந்த மைதானம் எழும்பி, 2023 ஜூனில் திறக்கப்பட்டது. இன்று அந்த ஊர்ப் பையனுக்கு அந்தப் படிக்கட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஏறி முடித்தவர் கண்ணெதிரே நிற்கிறார்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் இதையே ஓர் ஆய்வு நாற்பது ஆண்டுக் கணக்கில் பார்த்தது. கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த தீவு அது. உளவியலாளர் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, ஓயாத சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர், 72 பேர், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாகத் தேறி வந்தார்கள். தேறியவர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒன்று: ஒரு பாட்டி, ஓர் ஆசிரியர், ஓர் அண்டை வீட்டுக்காரர் என்று நிலையாக உடனிருந்த ஒரு பெரியவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார்.

நிலையாக என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பு சிறுவர்களுக்கு வழிகாட்டிகளை ஏற்பாடு செய்வது பல்லாண்டு வழக்கம். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் அந்த உறவுகள் எவ்வளவு காலம் நீடித்தன என்று ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த இடத்தில் பலன் நிறைய. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன இடத்தில் சிறுவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. வந்து பழகிவிட்டுப் போய்விட்டவர், வராமலே இருந்தவரைவிடக் கெடுதல் செய்திருக்கிறார்.

நம் ஊர்களில் இளைஞர் முன்னேற்றம் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி ஒருநாள் முகாம். சாமியானா, ஃப்ளெக்ஸ் பேனர், சிறப்பு விருந்தினர், கைதட்டல், பொட்டலச் சாப்பாடு. பேச்சாளர் இரண்டு மணி நேரம் உற்சாகமூட்டிவிட்டு மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கேட்ட பிள்ளைக்கு மறுநாள் காலை ஒரு சந்தேகம் வந்தால் தீர்க்க ஆளில்லை. எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை பேரோடு யாராவது ஒருவர் ஒரு வருஷம் தொடர்பில் இருந்தார் என்று கணக்கு எழுதத் தொடங்கினால் செலவிடும் பணத்துக்கு அர்த்தம் வரும்.

அதை ஒரு மாநிலமே செய்து பார்த்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் உண்டான கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில்தான் தொடக்க விழா. மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, மரத்தடி என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இறங்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள், அதே தெருவில் இருப்பவர்கள்.

பலன் என்ன? பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பலமுறை சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பாடம் நடத்தியவர்களில் பலர் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். தொடக்க வகுப்புகளுக்கு ப்ளஸ் டூவும், ஆறு முதல் எட்டு வரை பட்டமும் போதும் என்றுதான் விதி.

இந்தக் கணக்கில் சேராத பலன் ஒன்றும் உண்டு. பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணமாகி வீட்டோடு இருந்த ஒரு பெண் தினமும் மாலையில் இருபது பிள்ளைகளுக்கு 'அக்கா' ஆனார். பெற்றோர் அவரிடம் யோசனை கேட்டார்கள். பள்ளித் தலைமையாசிரியர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். பிள்ளைகள் மட்டும் அதில் வளரவில்லை, அந்த இளம்பெண்களும் வளர்ந்தார்கள். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் இதே வேலையைச் செய்தது. எழுதப் படிக்கக் கற்றுத்தந்த ஊர் இளைஞர்களும் பெண்களும் அதன் தொண்டர்கள். கூடவே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, வெளியே தனியாகப் போய்வரத் தொடங்கினார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டி கிடைப்பது இன்னும் கடினம். கிரிக்கெட் திடலிலும் டீக்கடையிலும் பையனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் கிடைக்கலாம். ஆறு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாத பெண்ணுக்கு எங்கே கிடைப்பார்? மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத பக்கத்திலிருந்து விடை தந்தது. ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்படுவதால், சில ஊர்களில் அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களிலும் பெண்ணே தலைவரானார். எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் 495 ஊர்களை ஒப்பிட்டார்கள். பெண் தலைவர் இருமுறை அமைந்த ஊர்களில், மகன் மீதும் மகள் மீதும் பெற்றோர் வைத்திருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி 25 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளைகளின் சொந்தக் கனவில் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது. படிப்பில் இருபாலருக்கும் இடையே இருந்த வித்தியாசமே மறைந்துவிட்டது. அந்தத் தலைவர்கள் வகுப்பு எடுக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க் காரியம் பார்த்தார்கள், சிறுமிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கணவர் ஆளும் பெயரளவுத் தலைவியாக இல்லாமல், அந்தப் பெண்ணே கூட்டம் நடத்தும் ஊரில் இந்தப் பலன் இலவசமாகக் கிடைக்கும்.

எந்த ஊரிலும் உள்ள பெரிய முட்டுக்கட்டை வேறு. வழி தெரிந்துகொண்டவர் ஊரை விட்டுப் போய்விடுகிறார். போகத்தான் வேண்டும், வேலை அங்கே இருக்கிறது. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்ததும், ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தன் பள்ளியில் மென்பொருள் சொல்லித்தந்து வேலைக்கு எடுப்பதும் இந்த இடத்தில் கவனிக்கத்தக்கவை. மென்பொருள் எழுதுகிறவர் சாயங்காலம் சொந்த ஊர் டீக்கடைக்கு வருகிறார் என்றால், அந்த வேலை எப்படிப்பட்டது என்று பத்தாம் வகுப்புப் பையன் அவரிடமே கேட்கலாம். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு நிறுவனம் வராது. வெளியூரில் இருப்பவரையும் பயன்படுத்தலாம் என்று அகரம் அறக்கட்டளை காட்டியிருக்கிறது. 2010இல் தொடங்கிய அதன் 'விதை' திட்டத்தில், விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். தேர்வான மாணவருக்குக் கட்டணத்தோடு ஒரு வழிகாட்டியும் கிடைக்கிறார். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல் முதல் ஆண்டில் ஊருக்குத் திரும்பிவிடத் துடிக்கும் பிள்ளைக்கு, போனை எடுத்துப் பேசுகிற அந்த ஒருவர் கட்டணத்தைவிடப் பெரிய உதவி.

பெரிய அளவில், பல தலைமுறையாக இதை நடத்திக் காட்டிய கிராமப்புற இயக்கம் அமெரிக்காவின் 4-எச். 1902இல் ஒஹையோ மாநிலத்துப் பள்ளி மேற்பார்வையாளர் ஏ.பி. கிரஹாம் விவசாயிகளின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, நல்ல மக்காச்சோள விதையைத் தேர்வது, தோட்டம் போடுவது என்று வேலைகளைக் கொடுத்தார். புது முறைகளைப் பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் போட்ட சோளம் அப்பாவின் சோளத்தைவிட உயரமாக வளர்ந்ததும் பெரியவர்களும் மாறினார்கள். 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் வேளாண் பல்கலைக்கழகங்களையும் மாவட்ட விரிவாக்க அலுவலர்களையும் அதற்குப் பின்பலமாக நிறுத்தியது. இன்று சுமார் 60 லட்சம் இளையோர் அதில் இருக்கிறார்கள். ஊர்த் தன்னார்வலருக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் ஓர் அலுவலரும் ஒரு பல்கலைக்கழகமும் நின்றதால்தான் தன்னார்வலர் சோர்ந்துபோனாலும் மன்றம் சோரவில்லை.

அதற்கான எலும்புக்கூடு நம்மிடமும் உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700க்கும் மேல் இருக்கின்றன. வேளாண் பட்டப்படிப்பு மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். விவசாயியைச் சந்திக்கும் அவர்கள் அதே ஊர் உயர்நிலைப் பள்ளிக்கும் வாரம் ஒருமுறை போய்வந்தால், தாங்கள் எப்படி அந்தப் படிப்புக்கு வந்தோம் என்பதையே சொல்லலாம். 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல பூட்டிக் கிடந்தன. மாலை ஆறு முதல் எட்டு வரை திறக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தால் சந்திக்க இடம் தயார். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் உறுப்பினர்களாக்கினார்கள். அவர்களுக்குச் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் மட்டும் வேலையாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வளரும் பிள்ளையோடு ஒரு பெரியவரைத் தனியாக விடும் எந்த ஏற்பாட்டிலும் காவல் வேண்டும். யார் அந்த ஆள் என்று பள்ளியும் ஊரும் விசாரித்திருக்க வேண்டும். சந்திப்பு நாலு பேர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாதியும் இதில் குறுக்கே நிற்கும். ஊர்த் தெருவில் மட்டும் வழிகாட்டிகளைத் தேடிவிட்டுக் காலனிப் பிள்ளைகளை விட்டுவிட்டால், ஏற்கெனவே இருக்கிற இடைவெளியை இந்த ஏற்பாடே அகலமாக்கிவிடும்.

தொடங்குவதற்கு நாளும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. தேர்வு முடிவுக் காலத்தை ஒட்டிய நாள். இந்த ஆண்டு ஊரில் ப்ளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர், பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை அன்று சபையில் வைக்கலாம். மதிப்பெண்ணை யாரும் வாசிக்கத் தேவையில்லை. கல்லூரி முடித்தவர்கள், முன்னாள் தன்னார்வலர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளலாம். சான்றிதழ் வாங்கித் தருவது, விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவது, விருப்பப் பட்டியலைப் பக்கத்தில் உட்கார்ந்து போடுவது, முதல் நாள் விடுதிவரை போய்விட்டு வருவது, பிறகு ஓராண்டுக்கு வாரம் ஒரு போன். ஆகஸ்ட் 15 சபையில், எத்தனை பேர் சேர்ந்தார்கள், சேராதவர்களுக்கு என்ன தடை என்று கேட்கலாம். சேர்ந்த பிறகு தடுமாறுபவர்கள் யார் என்பது அக்டோபர் 2க்குள் தெரிந்துவிடும். பாதியில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப அப்போதும் நேரம் இருக்கும்.